தேவை இல்லை எனக் கருதப்படும்

எங்கள் அலுவலகம் பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருந்தது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கிறது. அந்தக் கட்டடத்தைப் பழைய மாதிரியே புதுப்பித்து, அதில் உயர் அதிகாரியும் கூட்ட அரங்கும் மட்டும் இருப்பது என்றும், பிரிவுகள் எல்லாம் பின்னால் எழும் புதுக் கட்டடத்துக்குப் போய்விடுவது என்றும் முடிவானது.

ஒரு பக்கம் வேலை நடக்க, மறுபக்கம் நாங்கள் கோப்பு பார்த்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கலக்கக் கடுக்காயும் கருப்பட்டியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அந்த வாரம் காப்பி குடிக்க யாரும் வெளியே போகவில்லை. கருப்பட்டி குறைகிறது என்று மேஸ்திரி புகார் சொன்னபோது எல்லாருமாக எறும்பைக் கை காட்டிவிட்டோம்.

புதுக் கட்டடத்தில் எனக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. நான் கண்காணிப்பாளராக இருக்கும் பிரிவில் மொத்தம் நாலு பேர். அதில் ஒரு பெண் உதவியாளர், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்சில் வந்துபோகிறவர், சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். பழைய கட்டடத்தின் வாசலிலோ பதினொரு படிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட முழங்கால் உயரம். சாய்தளம் கேட்டு இரண்டு தடவை எழுதினேன். புராதனக் கட்டடம், படியில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. புதுக் கட்டடம் வருகிறது என்றதும் நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: "ஏம்மா, இனி ஒனக்குத் தரைத்தளம்தான். நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்ள வசதியும் அமைந்தது. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று திரட்டித் தரும் வேலை என்னிடமே வந்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். குறித்த தேதிக்குள் பதில் தராத பிரிவுகளுக்கு இடம் தேவை இல்லை எனக் கருதப்படும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் எங்கள் ஆட்களிடமிருந்து ஒரு காகிதமும் வராது.

வந்த பதில்களை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு பிரிவு தன் பீரோக்களுக்குக் கிழக்கு பார்த்த அறை கேட்டிருந்தது. இன்னொரு பிரிவு, பொதுமக்கள் வந்துவிடுகிறார்கள், ஆகவே வாசலுக்குத் தூரமாகக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. அலுவலகமே அண்ணாச்சி என்று கூப்பிடும் இன்னொரு கண்காணிப்பாளர், ஆறு பேர் உள்ள தன் பிரிவுக்குப் பத்துப் பேருக்கான இடம் கேட்டிருந்தார், அதுவும் தரைத்தளத்தில். என்ன அண்ணாச்சி என்றேன். "வருங்காலத்தையும் யோசிக்கணும்லா வே" என்றார். எல்லாவற்றையும் அழகாக அட்டவணை போட்டு, மூன்று முறை சரிபார்த்து அனுப்பி வைத்தேன்.

வரைபடம் ஒப்புதலாகி வந்த அன்று பொறியாளர் அதை என் மேசையில் விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், உங்க பிரிவு எங்க உக்காரப் போவுது?" என்று கேட்டார்.

தேடினேன். தரைத்தளத்தில் இல்லை. மேலே இரண்டு மாடிகளிலும் இல்லை. சுற்றறிக்கை அனுப்பும் பிரிவு தனக்கே ஒரு நகல் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நகல் வராததால் நாங்கள் பதில் எழுதவில்லை. பதில் எழுதாத பிரிவை, நானே போட்ட விதிப்படி, நானே விட்டுவிட்டிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் ஒரு மூலை மட்டும் காலி என்றார் பொறியாளர். லிஃப்ட் உண்டா என்றேன். குழி உண்டு, லிஃப்ட் அடுத்த கட்டத்தில் வரும் என்றார். தரைத்தளத்தில் இடம் கேட்டு அவசரமாக ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டேன். குறித்த தேதி கடந்துவிட்டதால் ஏற்க இயலாது என்ற குறிப்போடு அது என் மேசைக்கே திரும்பி வந்தது. இடம் கேட்டு வரும் காகிதங்களுக்குக் குறிப்பு எழுதுவது எங்கள் பிரிவுதானே; எழுதியது அந்த உதவியாளர்.

"விதி அப்படித்தான சார் இருக்கு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிறகு அண்ணாச்சியிடம் போனேன். ஊர்ப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் பேசினேன். கேட்க வந்ததை மட்டும் கேட்காமல் திரும்பினேன். வெறும் கையோடு வந்த என்னைப் பார்த்துவிட்டு அந்த உதவியாளரே எழுந்து போனார். அண்ணாச்சியின் மேசை முன்னால் நின்று, பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணாச்சி, ஒங்க பிரிவுல இன்னும் வேலைக்கே சேராத நாலு பேருக்கு எடம் போட்டிருக்கியளாம். அவுக வாரது வரைக்கும் நாங்க நாலு பேரும் அதுல இருந்துக்கிடுதோம். வந்த அன்னைக்கே எந்திரிச்சிருதோம்."

முதலில் சிரித்தது அண்ணாச்சியின் பிரிவுதான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, வாங்க. ஆனா ஒங்க சூப்பிரண்டு மட்டும் எனக்கு எதுக்க உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இடத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கட்டடத்துக்குப் போனோம். வாசலில் படியே இல்லை, நல்ல அகலமான சாய்தளம். பழைய இடத்தில் நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அந்த உதவியாளர் எனக்கு முன்னால் இருக்கையில் இருப்பார். நேரத்துக்கு வருவது எப்படி என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களை எத்தனையோ தடவை கடிந்திருக்கிறேன். இங்கே வந்த முதல் வாரத்தில், எல்லாரையும் போல அவரும் சரியாகப் பத்து மணிக்கு உள்ளே நுழைந்தார்.

"என்னம்மா, புதுக் கட்டடம் வந்ததும் சோம்பேறி ஆயிட்டியா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"அங்கன நீங்கல்லாம் வாரதுக்கு முந்தி ஏறிரணும்லா சார்" என்றார் பையை வைத்துக்கொண்டே. "படியில கைய ஊனி ஊனி ஏறுதத யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் மொத பஸ்ஸுக்கு வருவேன். இப்ப அடுத்த பஸ்ஸு போதும்."

சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று முழுக்க அவர் பக்கம் திரும்ப எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.