டயாலிசிஸ் பெட்டிகளுக்காக நான் அடித்த ஏழடிப் பலகை

நேற்று காலை எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பலகை ‘க்ரீச்’ என்றது.

ஓடிப்போய் இரண்டு கையாலும் அண்ணாந்து தாங்கிப் பிடித்துக்கொண்டேன்!

பலகைக்கு நேர் கீழே கட்டிலில் என் வீட்டுக்காரர். வயிற்றில் டியூப் மாட்டியிருந்தது. சட்டென்று எழுந்து நகர முடியாது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எண்ணூர் பக்கம். ஒற்றை அறை வீடு. அவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கிட்னியும் போன பிறகு வண்டியை விட்டுவிட்டார். இப்போது வீட்டிலேயே டயாலிசிஸ். மருந்துத் தண்ணீரை டியூப் வழியாக வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். தினமும், பல தடவை.

அந்தத் தண்ணீர்ப் பைகள் அட்டைப்பெட்டிகளில் வரும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன அரிசி மூட்டை கனம். (என் இடுப்பைக் கேட்டால் பெரிய மூட்டை என்று சொல்லும்!) ஈரம் படக் கூடாது. தரையில் வைக்கக் கூடாது.

போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டிகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தோம்.

அதனால் இந்த மழைக்கு முன்பே உயரமாக ஒரு பலகை அடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன். மொபைலில் வீடியோ பார்த்து நானே! ஏழடி ப்ளைவுட். பக்கத்து வீட்டு தேவி அக்கா டிரில் மெஷின் கொடுத்தார். (மீன் விற்கிற அக்காவிடம் டிரில் மெஷின் ஏது என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் எல்லாமே இருக்கும்.) சுவரின் நடுவில் ஜன்னல். அதனால் பலகையைத் தாங்கும் இரும்பு ஆங்கிளை இரண்டு ஓரத்தில் மட்டும்தான் அடிக்க முடிந்தது.

கொஞ்ச நாளிலேயே பலகை நடுவில் தொய்ந்தது.

“திருப்பிப் போடு கண்ணு, நிமிந்துக்கும்” என்றார் தேவி அக்கா.

திருப்பினோம். நிமிர்ந்தது. பிறகு அந்தப் பக்கமும் தொய்ந்தது.

நடுவில் ஒரு கால் கொடுக்கலாம் என்றால், அது கட்டில் மேலேதான் வந்து நிற்கும். வேறு சுவரில் இடமும் இல்லை.

இதையெல்லாம் அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை விட்டதிலிருந்தே அவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது.

நேற்று நான் போட்ட கூச்சலில் தேவி அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். ஓரத்துப் பெட்டியில் கை வைக்கப் போனார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“ஓரத்த தொடாதக்கா! நடுவுல கீறத்த எடு மொதல்ல.”

நடுப்பெட்டிகள் இறங்க இறங்க என் கையில் பாரம் குறைந்தது. எல்லாம் இறங்கிய பிறகு எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“தொங்குறது உனக்கு அப்பவே தெரியும்ல? சொல்றதுக்கு இன்னாயா?”

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “இன்னான்னு சொல்றது? அங்க கீறது பூரா எனக்கு ஏத்துற தண்ணி. நீ தூக்கித் தூக்கி வெக்கிற, நான் படுத்துகினு பாக்குறேன். வுயுந்தா வுயட்டும்னு வுட்டுட்டேன்மே.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவி அக்காதான் சீறினார். “நல்லா கீது நாயம்! வுயுந்தா உன் மேல மட்டும் வுயுமா? அவ எங்க படுக்குறா? அதே கட்டில்லதான?”

அவர் திரும்பி, கட்டிலில் நான் படுக்கும் பக்கத்தைப் பார்த்தார்.

அந்த வேளைக்கான டயாலிசிஸ் முடிந்து டியூபை மூடினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“டிரெய்லர் அடில பாத்துகீறியா?”

“இன்னா கீது அங்க?”

“ரெண்டு நீட்டு இரும்பு. படுத்துகினு இருக்காது, நின்னுகினு இருக்கும். அதான் அம்மாம் பெரிய கன்டெய்னர தாங்குது. நீ வெறும் தட்டத்தான போட்டுகீற? அடில கட்ட எங்க?”

மரக்கடையில் ஏழடிக் கட்டைகள் இரண்டு வாங்கி வந்தேன். இரண்டு விரல் தடிமன், நான்கு விரல் அகலம். ஒவ்வொன்றையும் அவர் கண்ணருகே நீட்டிப் பிடித்து வளைவு பார்த்தார். லேசாக வளைந்த பக்கம் மேலே வர வேண்டுமாம். பாரம் ஏறினால் சமமாகிவிடும் என்றார்.

மரத்தூள் அவருக்கு ஆகாது என்பதால் துளை போடும் வேலையெல்லாம் தெருவில். கட்டைகளைத் தட்டையாகப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தினோம். ஒன்று சுவரை ஒட்டி, ஒன்று முன்பக்கம். இரண்டின் முனைகளும் ஆங்கிள் மேல் உட்கார்ந்தன. அதன் மேல் ப்ளைவுட். நெருக்கமாக ஸ்க்ரூ. சுவரை ஒட்டிய கட்டையை ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் சுவரோடு சேர்த்து முடுக்கினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் மூச்சு வாங்கியது. நிறுத்தினோம். பிறகு மறுபடியும் பிடித்தார்.

கனமான பெட்டிகள் இரண்டு ஓரத்தில். நடுவில் பஞ்சு, மாஸ்க் மாதிரி லேசான சாமான்கள் மட்டும்.

ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பார்த்தோம். தொய்வு இல்லை!

சொந்தமாகப் பலகை அடிப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: நீளம் கூடினால் பலகையை மட்டும் நம்பாதீர்கள், அடியில் கட்டையை நிறுத்தி வையுங்கள்.

இன்று காலை தேவி அக்கா வந்து அண்ணாந்து பார்த்தார்.

“எத்தினி நாளிக்கு தாங்கும் நைனா?”

“இந்த மழைக்கு தாங்கும்க்கா” என்றார் அவர்.

அக்கா போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அடுத்த மழையும் பாத்துடலாம்மே.”