மொட்டை மாடிச் சொந்தங்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி நேராகத் தெரியும். பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். இப்போது தெரிவதில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி லாட்ஜ் கட்டி, அதன் தலையில் கறுப்பாக ஒரு தண்ணீர் டேங்க்கையும் தூக்கி வைத்துவிட்டார். இப்போது எங்கள் மாடியில் நின்றால் டேங்க் நேராகத் தெரிகிறது.

டேங்க்கால் நான் இழந்தது சொந்தக்காரர்களை. திருவண்ணாமலையில் மலை தெரிகிற மாடி வைத்திருப்பவர்களுக்குக் கார்த்திகை தீபத்தன்று உறவுக்குப் பஞ்சமே கிடையாது. வருஷம் முழுக்க நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காதவர்கள் அன்றைக்கு மத்தியானமே வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். சாயங்காலம் உச்சியில் தீபம் ஏறுகிற வரைக்கும் மாடியில் பாய் விரித்துக் கதை. ஏறினதும் ஒரு அரோகரா. அப்புறம் வடை, பாயாசம், சாம்பார் சாதம். ஏப்பம் விட்டபடியே கிளம்பிவிடுவார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மாடியில் சினிமா பேசுவார்கள், சீட்டு ஆடுவார்கள், யாருக்கு யாரைக் கட்டலாம் என்று ஜோடி சேர்ப்பார்கள். போன வருஷம் அதே ஆட்கள் அதே பாயில் உட்கார்ந்து சுகரையும் பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலும் போட்டிதான். தன்னைவிட இன்னொருத்தருக்குச் சுகர் ஜாஸ்தி என்றால் முகம் வாடிவிடும். தலைக்கு டை அடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற கூட்டம் பாயாசத்தை மட்டும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

இந்தக் கூத்தில் தீபம் ஏறுகிற நேரத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்துக்கு அடுப்பில் எண்ணெய் காயும். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றி விரதம் விட வேண்டும். மாடியில் அரோகரா கேட்டதும் நான் ஓடிப்போய் வாசல் அகல்களை ஏற்றுவேன். லட்சக்கணக்கான ஜனம் எங்கிருந்தெல்லாமோ வந்து கண்ணால் பார்க்கிற தீபத்தை, மலையடிவாரத்தில் குடியிருக்கிற நான் முப்பது வருஷமாகக் காதால்தான் கேட்டிருக்கிறேன்.

அப்போதும் என்னை நிம்மதியாக வேலை செய்ய விடாத ஒருத்தி உண்டு. என் வீட்டுக்காரரின் அக்கா அருணாதேவி. இந்த வீட்டில் பிறந்து கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகும் ஒற்றை ஆளாக வேர்க்கடலை போட்டு எடுக்கிறவள். உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே. என் கல்யாணத்தன்று போட்டோகிராபரிடம், "பொண்ணு நெறம் கம்மி, லைட்ட ஜாஸ்தி வைங்க" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னவள். ஆஸ்பத்திரியில் கிடந்த என் அப்பாவைப் பார்க்க வந்து, பக்கத்துக் கட்டில்காரர் இவரைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீபத்தன்று ஒரு கட்டைப்பை வேர்க்கடலையோடு வருவாள். எல்லாரும் மாடிக்குப் போன பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் உட்காருவாள். வடையில் இஞ்சி ஜாஸ்தி, பாயாசத்தில் ஏலக்காய் கம்மி, தீ ஜாஸ்தி, திறமை கம்மி. என்னை வேவு பார்க்கத்தான் கீழே இருக்கிறாள் என்று முதல் வருஷமே முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வருஷம் தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் என் வீட்டுக்காரர் கோதண்டராமன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். நம் மாடியில் இனி மலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் என்று. ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு நேர்மை கூடிவிட்டது. பதிலுக்கு வரிசையாகக் கும்பிடுகிற பொம்மைகள் வந்தன. அவருடைய சித்தப்பா மகன் விமல்ராஜ் மட்டும் எனக்குப் போன் போட்டு, ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் போட்டுவிட்டதாகவும், அங்கே மாடியிலிருந்து மலை சூப்பராகத் தெரியும் என்றும் சந்தோஷமாகச் சொன்னான். என் வடையைத்தான் மிஸ் பண்ணுவானாம்.

விட்டது சனியன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, தீபத்தன்று காலையில் வழக்கம்போல நாற்பது பேருக்குப் பருப்பு ஊறப்போட்டேன். எதற்கு இவ்வளவு என்று அவர் கேட்டதற்குக் கைப்பழக்கம் என்றேன். பச்சைப் பொய். இத்தனை வருஷம் வந்து தின்றுவிட்டுப் போனவர்களில் ஒருத்தராவது எனக்காக வந்தார்களா, இல்லை அத்தனை பேரும் மலைக்காகத்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மத்தியானம் போனது. நாலு மணியும் ஆனது. ஒரு ஈ காக்கை வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மூலையில் ஏறி நின்று கழுத்தை வளைத்தால் கொஞ்சம் உச்சி தெரிகிறதாம். அரைத்த மாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பது வருஷத்து வடையும் வீண் என்று தோன்றியது.

ஐந்தரைக்கு கேட் சத்தம் கேட்டது. அருணாதேவி. தீபத்தன்று பஸ் ஊருக்குள் வராது. ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கூட்டத்தில் இடிபட்டு, கட்டைப்பையோடு நடந்தே வந்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. உள்ளே வந்ததும் வராததுமாக, "கோலம் கோணலா இருக்குது" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் இருப்பது பட்டன் போன்.

"அண்ணி, இந்த வருஷம் நம்ம மாடியிலருந்து மலை தெரியாதுங்க" என்றேன்.

"தம்பி போன் பண்ணி சொன்னான். தெரிஞ்சா இன்னா, தெரியலன்னா இன்னா. நான் என்னிக்கு மேல போனேன்?"

"ஏன் போகல?"

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எல்லாம் மேல பூடுதுங்க. நீ ஒண்டியா கீழ வெந்துனு கெடக்கற. நீ வந்த வருஷத்துலருந்து பாக்கறேன். அதான் ஒக்காந்துக்குவேன்."

சொல்லிவிட்டு, எண்ணெய் புகைகிறது பார் என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை முப்பது வருஷத்தில் ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் என்ன? உப்பு கம்மி என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இது வராதா? அப்புறம் அழுகை வந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டு அடுப்பை அணைத்தேன். தீபத்தன்று அந்த நேரத்தில் அந்த அடுப்பு அணைந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க அண்ணி, தெருமுனையிலிருந்து நல்லா தெரியும்" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். கால் வலிக்கிறது, கூட்டம் ஜாஸ்தி, வீட்டைப் பூட்டினாயா என்று முனகிக்கொண்டே வந்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்திருந்தார்கள். மலை இருட்டாக நின்றது. திடீரென்று உச்சியில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்றது. நானும் கத்தினேன்.

அருணாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணைச் சுருக்கி மலையை நன்றாகப் பார்த்தாள்.

"முன்ன மாதிரி இல்ல. வெளிச்சம் கம்மி" என்றாள்.

அண்ணாமலையாரையே விட்டுவைக்காதவள் என் வடையையா விட்டுவைப்பாள் என்று சிரிப்பு வந்தது. முன்னே என்றால் எப்போது என்று யோசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னே. அதற்குப் பிறகு அவளும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகல்களை ஏற்றிவிட்டு, இலை போட்டு வடை வைத்தேன். உப்பு கம்மி என்றாள். இன்னும் இரண்டு வைத்தேன்.