இடது கன்னம் பழசு, வலது கன்னம் புதுசு

சவரச் சாமான் விற்கும் பெண்ணுக்குள்ள பெரிய தொல்லை, விற்கிற பொருளைத் தன் முகத்தில் போட்டுப் பார்க்க முடியாது என்பதுதான். மட்டக்களப்பு நகரில் வாவிக் கரையோரம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பழைய காலத்துக் கனமான ரேசர்களைத் தேடி வாங்கித் துலக்கி விற்பேன். பயணத்துக்கென்று வரும் குட்டி ரேசர்களும் உண்டு. எது சாது, எது கடிக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும். அது என் கணவர் அல்பிரட்டின் முகம். கடை வைத்திருப்பவர்களுக்கும் கடைக்காரியைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இந்தப் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

ஞாயிறு காலை, பூசைக்குப் போகுமுன், இடது கன்னத்தைப் பழைய ரேசராலும் வலது கன்னத்தைப் பயண ரேசராலும் வழிப்பார். பிறகு என் முன்னால் வந்து முகத்தை நீட்டுவார். நான் புறங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். எங்களிடம் மூன்று தரம்தான்: தடவும், கொறிக்கும், கடிக்கும். பிளேட்டின் விளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவு கடி.

பழசின் பிடியைத் திருகினால் தலை இரட்டைக் கதவாய்த் திறக்கும். பாரம் அதிகம், சும்மா வைத்தாலே இறங்கும். பயண ரேசரின் பிடி இரண்டு துண்டாய்க் கழன்று சோப்புப் பெட்டியை விடச் சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும். பாரமில்லாததால் அதைக் கொஞ்சம் அழுத்தத்தான் வேண்டும். இவர் செங்கலடிப் பக்கம் கணக்கு வாத்தியார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கூடப் படிப்பிக்கிறவர்கள் கேட்பார்களாம்: "என்ன சேர், இந்தக் கிழமை எந்தக் கன்னம் பாஸ்?"

தலைகீழ்த் தட்டு

பாசிக்குடா ஹோட்டலொன்றில் பரிமாறும் வேலை செய்பவர் ரூபன். தங்குமிடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பயண ரேசர் வாங்கிப் போனார். "தடவும்" என்று நாங்கள் தரம் போட்டிருந்த பரம சாது அது. அடுத்த கிழமை நாடியெல்லாம் கீறலோடு வந்து நின்றார்.

கழற்றிப் பார்த்தேன். பிளேட்டுக்குக் கீழே வரவேண்டிய தட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். அந்தத் தட்டின் விளிம்புதான் தோலுக்கு வேலி. வேலியில்லாத பிளேட்டை முகத்தில் இழுத்தால் என்ன ஆகும்? திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நாடியைத் தடவியபடி சொன்னார்: "எங்கட உன்னிச்சைக் குளத்து முதலை கொஞ்சின மாதிரிக் கிடந்ததக்கா!"

சம்மந்தியின் சந்தேகம்

மகளுடைய நிச்சயார்த்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. பரீட்சையை இன்றைக்கு விடுங்களேன் என்றேன், மனுசன் கேட்கவில்லை. பரபரப்பில் வலது கன்னத்தை முதலில் எடுத்திருக்கிறார். பயண ரேசரை அழுத்தி அழுத்திப் பழகின அதே கையோடு பழசை எடுத்து இடது பக்கத்தில் ஓர் இழுப்பு. புதுச் சேர்ட்டில் இரத்தம். எல்லாப் படத்திலும் பெண்ணின் தகப்பன் கன்னத்தில் பிளாஸ்டரோடு நிற்கிறார்.

மாப்பிள்ளையின் தாய் என்னைக் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கேட்டார்: "சம்மந்தி, தப்பா எடுக்காதீங்க. சேருக்கு நீங்க அடிக்கிறீங்களா?"

தாடிக் காலம்

அன்றோடு இவர் தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார். கடை நடந்தது, பழைய தரத்தைச் சொல்லி ஒப்பேற்றினேன். எனக்கு இல்லாமல் போனது ஞாயிற்றுக்கிழமைதான். கலியாண வயதில் மகள் இருக்கும் வீட்டில், புருசனின் கன்னத்தைத் தொட ஒரு பெண்ணுக்கு வேறு என்ன சாட்டு இருக்கிறது? "தாடியை எடுங்கள்" என்று சொல்ல வெட்கம். சொன்னால் வியாபாரத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பாரே என்ற கவலை வேறு.

அந்த நேரத்தில்தான், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஏறாவூர் நஸீர் வந்தார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார், கூடப் போகிறவர்களுக்கும் சேர்த்துப் பயண ரேசர்கள் வேண்டும். "ஆனா சேர்ட கன்னம் சொல்லாம நான் எடுக்கமாட்டன் தங்கச்சி" என்றார். நான் மூலைக் கதிரையில் இருந்த தாடியைக் கண்ணால் காட்டினேன். நெஞ்சுவரை தாடி வளர்த்த காக்கா, தன் சீராக வழித்த கழுத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்: "தாடி வெச்சாத்தான் சேர் ரேசர் கட்டாயம் வேணும். உங்கட தாடி வரம்புப் புல்லுச் செருக்காத வயல் வட்டை மாதிரியெல்லா கிடக்கு!"

இவர் தாடி வரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

இரண்டு கன்னம்

அடுத்த ஞாயிறு குளியலறைக் கதவு திறந்தது. தாடியைக் காணோம். இரண்டு கன்னமும் பளபளவென்று இருந்தன. சந்தோசத்தை மறைக்க நான் வியாபாரி வேசம் போட்டேன். "காக்காவுக்குச் சொல்ல வேணும், எந்தப் பக்கம் எது?" என்று கேட்டேன்.

அவர் வழக்கம்போல முகத்தை நீட்டினார். "ரெண்டு பக்கமும் ஒரே ரேசர்தான் புள்ள. இது காக்காவுக்கில்ல. நீ என்ட கன்னத்தைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு?"

அன்றைக்குப் பூசைக்குப் பிந்தித்தான் போனோம்.

புருசனின் முகத்தை வைத்துச் சாமான் தரம் பார்க்கும் பெண்களே, நாங்கள் சொல்லும் சாட்டு அவர்களுக்கு விளங்குவதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.