முழுப் பெயருக்கு இடம்

2011இல் மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை வெளியிடுகிறவர்கள். வருடத்துக்கு ஒரு முறை விலை உயர்ந்த தொகுப்பு ஒன்று வரும். தடித்த அட்டை, தங்கத் தாளில் பதித்த எழுத்து, வீரரின் கையொப்பம். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு.

நான் சேர்ந்த வருடத் தொகுப்பில் அட்டைகளைச் சுற்றிக் கறுப்புக் கரை. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறக்கும்போதே ஓரங்களில் நிறம் உரிந்து வெள்ளை தெரிந்தது. கையொப்பமும் அட்டையில் இல்லை. வீரர்கள் ஸ்டிக்கரில் போட்டுத் தந்ததை நாங்கள் ஒட்டியிருந்தோம். வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். அடுத்த தொகுப்பை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கரையை எடுத்துவிட்டுப் படத்தை ஓரம்வரை விட்டேன். அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. அதில் வீரர் நேரடியாகவே கையெழுத்திடலாம். பேனா மை பரவாமல் இருக்க அந்த இடத்துக்கு மட்டும் மினுக்கம் வேண்டாம் என்று அச்சகத்தாரிடம் சொன்னேன். இவ்வளவும் சுலபமாக நடந்தது. சண்டை வந்தது பெயரில்.

நாங்கள் அட்டை போட்ட அணியில் ஓர் இளம் வீரர், தென்சூடானிலிருந்து அகதியாக வந்து மெல்பேர்னில் வளர்ந்தவர். நீளமான பெயர். பழைய அட்டையில் அதை முதலெழுத்தாகச் சுருக்கியிருந்தார்கள். என் பெயரும் வங்கி அட்டையில் பாதியில் நின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. அந்த அட்டையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முழுப் பெயரும் வரவேண்டுமானால் எழுத்து சிறிதாக வேண்டும். சிறிய எழுத்தில் தங்கத் தாள் பிடிக்காது, அப்பிவிடும். ஆகவே பெயர்களைச் சாதாரண மையில் அச்சிடலாம் என்றேன். எங்கள் மூத்த வடிவமைப்பாளர் சென்னைக்காரர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பிரீமியம்னா தங்கம் மின்னணும்மா. இங்க்ல அடிச்சா சாதாரண கார்டு மாதிரி ஆயிடும்.”

“அண்ணா, பேரை வெட்டிப்போட்டுத் தங்கம் பூசி என்ன பிரயோசனம்? அணியின்ர சின்னத்துக்குத் தங்கம் இருக்கட்டும்.”

“அப்போ அவருக்கு மட்டும் இங்க்ல போட்டுடலாமே?”

“ஏலாது. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் வரவேணும்.”

இவ்வளவு உறுதியாக அலுவலகத்தில் நான் அதுவரை பேசியதில்லை. அவர் பழைய அட்டையைத் தள்ளி வைத்தார். “சரி, ஒரு சாம்பிள் அடிச்சுக் கொண்டு வாங்க, பார்க்கலாம்.”

மாதிரி வந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இதுவே போகட்டும்,” என்றார்.

கையெழுத்து வாங்கப் பயிற்சி மண்டபத்துக்கு நானே போனேன். அந்த இளைஞர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, சின்னக் கதிரையில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்தார். முதல் அட்டையை எடுத்தவர் பேனாவைத் தொடவில்லை. தன் பெயரை மெதுவாக, சத்தமாக வாசித்தார். பக்கத்தில் இருந்த சக வீரர் எட்டிப் பார்த்து, “இது முழுக்க உன் பெயரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆம். நடுவில் இருப்பது என் தாத்தா பெயர்,” என்றார் இவர். பிறகு என்னிடம், “அம்மாவுக்கு ஒன்று தருவீர்களா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஓர் அட்டையைத் தனியே எடுத்து வைத்தேன்.

தொகுப்பு வந்தபோது சேகரிப்பவர்கள் முதலில் தங்கம் குறைந்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள். பிறகு அட்டையிலேயே நேரடியாகப் போட்ட கையொப்பத்தைக் கண்டு அமைதியானார்கள். பெட்டிகள் சீக்கிரமே தீர்ந்தன. அட்டையில் வடிவமைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. ஆனாலும் பண்டகசாலையில் வேலை செய்யும் அப்பா ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

“படம் பிடிச்சதும் நீயோ எண்டு கேட்டாங்கள்,” என்றார். “இல்லை, மற்றதெல்லாம் என்ர மகள்தான் எண்டு சொன்னனான்.”

2013இல் அந்தத் தொகுப்பின் வடிவமைப்பைப் புதிதாக வந்த ஒருவர் மாற்றினார். வெள்ளைப் பட்டை போய்விட்டது, ஓரங்களில் தங்கம் வந்தது. என் வேலையில் பாதி மறைந்ததைப் பார்க்கக் கொஞ்சம் வலித்தது. ஆனால் பெயர்களை அவர் மையிலேயே விட்டிருந்தார், ஒன்றும் குறையாமல். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் அதற்குள் அது வழக்கமாகியிருந்தது.