தையல் மெஷினுக்குப் பதிலாக வந்த பிரேம்

அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மகள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, பரணில் கிடந்த சைக்கிள் பிரேம் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அம்மாவே முக்காலி போட்டு இறக்கியிருந்தாள். முழங்கை வரை ஒட்டடை.

"இது நிஜமாவே இத்தாலியா? உனக்குத்தான் இரும்பைப் பத்தித் தெரியுமே, பார்த்துச் சொல்லு."

"செருப்பையாவது கழட்ட விடும்மா. இப்ப என்னத்துக்கு அது?"

"எனக்குத் தெரியணும். அவர் ஏமாந்துட்டார்னுதான் இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். ஏமாறலேன்னா ஏமாறலேன்னு தெரியணும். எனக்காகப் பூசி மெழுகாதே."

மகளுக்குத் தொழில் சோதனை. பாய்லர்களின் பற்றவைப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். வார்த்தையை வீணாக்கும் பழக்கம் கிடையாது. "சரி" என்றாள்.

அம்மா ஊரெல்லாம் சொன்ன கதை இதுதான். கல்யாணமான புதிது. இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. அங்கே ஒரு தையல் மெஷின் விலைக்கு இருந்தது. அம்மா வெட்டவும் தைக்கவும் முறையாகப் படித்தவள். மெஷின் வந்தால் வாசலில் ஒரு பலகை மாட்டுவதாகத் திட்டம். அப்பாவை அனுப்பினாள். போன மனிதர் தோளில் ஒரு சைக்கிள் பிரேமை மாட்டிக்கொண்டு திரும்பினார். சக்கரம் இல்லை, பெடல் இல்லை, இருக்கை இல்லை. பேர் எழுதிய ஸ்டிக்கர்கூட எவனோ சுரண்டி எடுத்திருந்தான்.

"மெஷின் எங்கேன்னேன். 'இது இத்தாலி'ங்கிறார். சக்கரம் எங்கேன்னேன். அதுக்கும் 'இது இத்தாலி'ங்கிறார்!" அம்மா அப்பாவின் அடித்தொண்டைக் குரலிலேயே சொல்வாள். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து அடங்கும் நேரத்தில். பலகை மாட்டும் திட்டம் அதோடு போயிற்று. மெஷின் வந்து சேரப் பல வருஷமானது. அப்பாவுக்கு 'இத்தாலி' என்ற பேர் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் அப்பா லென்ஸ் தேய்த்தார். சேர்ந்தது இளவயதில், விலகியது தலை முழுக்க நரைத்த பிறகு. ஜன்னல் இல்லாத அறை. சுற்றும் கல், அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், அலமாரியில் முரட்டுத் தூளிலிருந்து மாவு போன்ற மெருகுத்தூள் வரை வரிசையாக டப்பாக்கள். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவர் தேய்த்ததை மாட்டிக்கொண்டுதான் மற்றதையெல்லாம் பார்த்தார்கள். விளிம்பு சரியா என்று கண்ணால் பார்க்க மாட்டார். விரல் நுனியை ஒரு சுற்றுச் சுற்றுவார். வருஷக்கணக்கில் தூளிலும் தண்ணீரிலும் கிடந்து விரல் ரேகைகளே மழுங்கிவிட்டிருந்தன.

"இத்தாலி திருடப் போனா போலீஸ் தலைகீழா நின்னாலும் பிடிக்க முடியாதுப்பா" என்பார் கடை முதலாளி.

பிரேமுக்குச் சக்கரமும் செயினும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கறுப்பு வண்ணம் அடித்து, அதில்தான் வேலைக்குப் போனார். பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். பெடல் அச்சைத் தாங்குகிற கப்பு, செயின் பக்கத்துக் கப்பு, ஓட்ட ஓட்டத் தளர்ந்துவிடும். வழியில் இறங்கி, முடுக்கிவிட்டு, கை நிறைய கிரீசோடு வந்து சேர்வார். "இத்தாலிக்கு மறுபடியும் காய்ச்சலா?" என்று கடையில் கேட்பார்கள். "ஒரிஜினலா இருந்தா இப்படியா கழண்டுக்கும்?" என்று அம்மா வீட்டில் கேட்பாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

மகள் பள்ளி முடிக்கும் காலத்தில் ஒருநாள், முழங்கால் வலி என்று சொல்லி வண்டியைப் பிரித்துப் பிரேமைப் பரணில் ஏற்றிவிட்டார். அதன்பின் பஸ்.

மழைக்காலத்தின் கடைசியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த மகளின்மேல் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள். பெயர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

பிரேமை மகள் தெருமுனைச் சைக்கிள் கடைக்குத் தூக்கிப் போனாள். கழற்ற வேண்டியதைக் கழற்றினால்தான் அளக்க முடியும். கடைக்காரர் அப்பாவை அறிந்தவர்.

"இத்தாலி வண்டியா! வா மகாராசா" என்று பிரேமைத் தாங்கியில் பூட்டினார். இடது கப்பு ஒரு தட்டில் வந்துவிட்டது. செயின் பக்கத்துக் கப்பு வரவில்லை. நீளமான ஸ்பேனர் போட்டார். ஸ்பேனர் முனையில் குழாயைச் சொருகினார். குழாயில் தொங்கினார். அசையவில்லை.

"உங்கப்பா இதைப் பத்தவச்சிட்டாராம்மா?"

"அண்ணே, எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"என்னம்மா கேள்வி? செயின் பக்கம் இடது மரை. கழட்டணும்னா கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பணும். பொறந்ததுலேர்ந்து இதைத்தானே பண்றேன்!"

மகள் வெர்னியரை எடுத்து, கப்புகள் பூட்டும் குறுக்குக் குழாயின் அகலத்தை அளந்தாள். அந்தத் தெருவில் ஓடும் வண்டிகளில் அது அறுபத்தெட்டு மில்லிமீட்டர் இருக்கும். இது எழுபது. இன்னொரு தடவை அளந்தாள். எழுபதுதான்.

"எதிர்ப்பக்கம் திருப்புங்கண்ணே."

"இன்னும் இறுகிடும்மா."

"இறுகினா என் தலையில போடுங்க."

கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். கப்பு வெண்ணெய் மாதிரி சுழன்று வந்தது. இவ்வளவு நேரமும் அவர் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வலது மரையா? எந்தக் கிறுக்கன் இப்படிச் செய்வான்?"

"இத்தாலிக்காரங்க."

செயின் பக்கம் வலது மரை வைத்தால், மிதிக்க மிதிக்க அச்சின் சுழற்சியே கப்பை மெல்லத் தளர்த்தும். ஊரே கேலி செய்த அந்தக் காய்ச்சல் அந்த வண்டியின் பிறவிக் குணம். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். சரியான திசையில் திருப்பத் தெரியாமல் எத்தனை முறை முடுக்கியிருக்க முடியும்?

ஆனாலும் ஒரே ஓர் அளவை வைத்து மகள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த மரையை வேறு நாட்டுக்காரர்களும் சிலர் போட்டிருக்கிறார்கள். பிரேமை வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் இருக்கைக் குழாயின் உள்விட்டத்தை அளந்தாள். சுவர் மெல்லியது, பந்தய வண்டிக்கு உரியது. வண்ணம் கரைக்கும் களிம்பைப் பின்பக்கத்திலிருந்து தடவ ஆரம்பித்தாள். கறுப்புக்கு அடியில் மங்கிய நீலம். பின்குழாய்கள் இருக்கைக்குக் கீழே வந்து சேரும் முனைகளில், நீலத்துக்கும் அடியில், ஒரு நட்சத்திரமும் இரண்டு எழுத்தும் செதுக்கியிருந்தது. படமெடுத்து, பழைய வண்டிகள் சேர்க்கும் இத்தாலிக்காரர் ஒருவருக்கு அனுப்பினாள். தன்னிடம் இருக்கும் வண்டியின் படத்தை அவர் திருப்பி அனுப்பினார். அதே நட்சத்திரம், அதே எழுத்து. அண்ணன் தம்பி இருவர் நடத்திய சின்னப் பட்டறை, இப்போது இல்லை என்றார்.

அப்பா ஏமாறவில்லை. மகள் மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்து முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதி வண்ணத்தையும் எடுக்க முன்பக்கம் வந்தாள்.

ஹேண்டில்பார் பூட்டுகிற தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாயின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் களிம்பு வேறு மாதிரி நுரைத்தது. கறுப்புக்கு அடியில் இங்கே நீலம் இல்லை. சாம்பல் நிறத்தில் பட்டி, கார்களின் நெளிவை மறைக்கப் பூசுவது. அதைச் சுரண்ட, அடியில் அப்பா முதலில் அடித்த கறுப்பின் துணுக்குகளும், அலை மாதிரி மடிந்த இரும்பும் தெரிந்தன. இரண்டு குழாயிலும் ஒரே இடத்தில்.

நேருக்கு நேர் எதிலாவது மோதினால்தான் அப்படி மடியும், அதுவும் பலமாக. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கனமானது, சாதாரண வண்டியுடையது. பிற்பாடு மாற்றியது.

பட்டி பூசியவர் அதை முரட்டுத் தூளில் தொடங்கி மாவுத்தூளில் முடித்திருந்தார். கீறல் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் அன்று காலையில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்திருந்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்பாவின் கைவேலையில் அவள் பார்த்தவற்றிலேயே சிறந்தது அதுதான்.

அந்தச் சாயங்காலம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே.

அம்மா கேட்டது ஒரு கேள்விதான், இத்தாலியா இல்லையா. அதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் பொய் ஆகாது. பாய்லருக்கும் அப்படித்தான். கேட்ட இடத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, கண்ணில் பட்ட பக்கத்துக் கீறலை விட்டுவிடலாம், குற்றமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகள் ஒருமுறையும் அப்படி விட்டதில்லை.

"அம்மா, அது இத்தாலிதான். சந்தேகமே இல்லை."

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அப்படியா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்படியா. மனுஷன் பார்த்துத்தான் எடுத்திருக்கார்."

"இன்னொண்ணும் இருக்கு. அப்பா எங்கேயோ மோதியிருக்கார். பலத்த அடி. வெளியே தெரியாம மறைச்சு வச்சிருக்கார்."

பிரேமைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். அம்மா விரலை அந்த மடிப்பில் வைத்து, இந்தக் குழாயிலிருந்து அந்தக் குழாய்க்கும், மறுபடி இந்தக் குழாய்க்கும் கொண்டுபோனாள்.

"கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரே ஒரு தடவை. நீ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தே. கடை மாடிப்படியில வழுக்கிட்டேன்னார்."

"அதுக்கப்புறம் இடது கை மேலே தூக்க வராதே அவருக்கு."

"அதேதான்." அம்மா விரலை எடுக்கவில்லை. "ஏன்டி அவர் சொல்லல?"

கப்பு கழன்றதற்கே கதை கட்டிய வீடு. தையல் மெஷினுக்குப் பதிலாக வந்த வண்டி மோதிக்கொண்டது என்றால் அந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் கிடைத்திருக்கும். இது இருவருக்கும் தெரிந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்தது.

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. மகள் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"இந்த ரெண்டு குழாயையும் மாத்தினா வண்டி ஓடும்மா. ஃபோர்க்கும் மாத்தணும். மாத்தலேன்னா சுவத்துல மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான்."

"மாத்தாதே. இது அவர் பூசினது. அப்படியே இருக்கட்டும்."

"இப்படியே ஓட்டினா உடையும்."

"யார் ஓட்டப் போறா?"

"நான்."

அம்மா நிமிர்ந்து மகளின் இடது தோளைப் பார்த்தாள்.

"அப்போ மாத்து" என்றாள். "நானும் கூட வர்றேன்."

பித்தளை வைத்துப் பற்றவைக்கும் பட்டறை, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பற்றவைப்பவர் மகளோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாக நடத்துகிறார். ஒத்த விட்டத்தில் மெல்லிய சுவர்க் குழாய் இரண்டை அவரே தேடி எடுத்திருந்தார். பிரேமைச் சட்டத்தில் பூட்டினார். பழைய குழாய்கள் இரண்டையும் நடுவில் ரம்பத்தால் அறுத்தார். மூட்டுக்குள் இருக்கும் மிச்சத்தைச் சூடாக்கி இழுக்க வேண்டும். இழுத்ததும் புதுசை நுழைக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு ஸ்டூலும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போடாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"யார் வண்டிம்மா இது?" பற்றவைப்பவர் வாயுக் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார். "எங்கேயோ பலமா அடி வாங்கியிருக்கே!"

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள். அப்பாவை மாதிரிக் குரல் மாற்றவில்லை, கையை ஆட்டவில்லை.

"எங்க வீட்டுக்காரரோடது. வேலைக்குப் போற வழியில மோதிக்கிட்டார். எங்கேன்னு தெரியாது, எது மேலேன்னு தெரியாது. யாரு தூக்கிவிட்டாங்கன்னும் தெரியாது." மடியில் இருந்த கண்ணாடியை ஒருதரம் திருப்பினாள். "ரொம்ப வலிச்சிருக்கும்."

பற்றவைப்பவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அம்மா போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்து, அவர் சுடரைப் பற்றவைத்தார்.