இரண்டாம் பேஸ், அப்பீல் இல்லை

"கடைசி இன்னிங்ஸ். இரண்டாம் பேஸ். அப்பீல் இல்லை." மாமாவின் நடுவர் நோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டு எழுதவில்லை. அப்போது அக்கா ஒன்பதாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு என்பதால் 1978 என்று கணக்கிடுகிறேன்.

மாமாவுக்கு மராத்தி ஊரான போசரியில் தொழிற்சாலை வேலை. ஞாயிறுகளில் கேம்ப் மைதானத்தில் பெண்கள் சாஃப்ட்பாலுக்கு நடுவர். வீட்டுக்கும் அவரே நடுவர். அந்த வாரம்தான், அக்கா பாக்கர்வடிப் பலகார டப்பாவைக் காலி செய்ததை நானாகப் போய்ச் சொன்னேன். தின்றவளை விட்டுவிட்டு என்னை முட்டிபோட வைத்தார். "கோள் சொல்லப்பிடாது. கேட்டா மட்டும் சொல்லு."

ஞாயிறன்று நானும் அக்காவும் எதிரெதிர் அணி. தோற்றவள் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். கடைசி இன்னிங்ஸ்வரை சமநிலை. முதல் பேஸில் அக்கா நிற்க, அவள் அணிக்காரி பந்தை வேலிவரை அடித்துவிட்டாள். வழியிலுள்ள ஒவ்வொரு பேஸையும் மிதித்தாக வேண்டும்; அக்கா ஓடினாள். இரண்டாம் பேஸைக் காத்து நின்றவள் நான். அவள் அதை மிதிக்காமல் ஓரமாக வளைந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். போனவள் ஹோம் பேஸையும் தொட்டு, வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டாள்.

மாமா பத்தடி தள்ளி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கேட்சர், எதற்கும் இருக்கட்டும் என்று, "ஹவ்ஸாட்!" என்று கத்தினாள்.

"ஹே கிரிக்கெட் நாஹி, பாளா" என்றார் மாமா மராத்தியில், இது கிரிக்கெட் இல்லை குழந்தாய் என்று.

பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கேட்டால் சொல்லலாம், அவர் கேட்கவில்லை. எல்லோரும் வெளியேறிய பின் நானும் மைதானத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினேன். உடனே நிமிர்ந்து, ஆட்டம் முடிந்தது என்று கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கேக்கலையே மாமா."

"நான் எங்கட்டி கேக்க? நீயில்லா கேக்கணும்!"

"அப்ப அக்கா மிதிக்கலதான?"

"நேரம் முடிஞ்சிட்டு. இனி சொல்லப்பிடாது."

"குதிகால் பட்டிச்சுட்டி" என்றாள் அக்கா. "போய்ப் பாத்திரத்தக் கழுவு."

கழுவினேன், ஒரு மாதம். ஓடியவர் பேஸை மிதிக்கவில்லை என்றால், இன்னார் இன்ன பேஸை மிதிக்கவில்லை என்று எதிரணி முறையிட வேண்டும்; அதுதான் அப்பீல். அதுவும் மைதானத்தை விட்டு வெளியேறுவதற்குள். அதுவரை நடுவர் தன் கண்ணால் பார்த்திருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் இதை நான் படித்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். முறையிடுவது வேறு, கோள் சொல்வது வேறு என்று அன்று எனக்குத் தெரியாது. அந்த லேஸ் தானாக அவிழவே இல்லை, நான் முறையிட நேரம் கொடுக்கத்தான் அவர் அவிழ்த்துக் கட்டினார் என்பதும்.

குதிகால் பட்டது என்று அக்கா இன்றும் சாதிக்கிறாள். மாமா கடைசிவரை சொல்லவில்லை; நோட்டிலும் இல்லை. ஆகவே, அவள் இரண்டாம் பேஸை மிதித்தாளா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.