பேசாமல் இருந்த கணினி

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே தட்டச்சு செய்த லதாக்காவுக்குப் பார்வை இல்லை. கணினியைப் போட்டதும் தானாகத் தொடங்கி, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பித்தான் அவர் வேலை செய்தார்.

ஒருநாள் மாலை, கணினிகள் மெதுவாகத் திறக்கின்றன என்று, தானாகத் தொடங்கும் மென்பொருள்களை எல்லாவற்றிலும் நிறுத்தினேன். லதாக்காவுடையதை நினைக்கவே இல்லை.

மறுநாள் நல்ல மழை. நனைந்தபடி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது லதாக்கா தனியாக, விசைப்பலகையில் கைவைத்து அசையாமல் இருந்தார். எதிரே திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"மக்கா, எட்டு மணிக்கே ஆன் பண்ணுனேன். ஒண்ணும் மிண்டல்ல, ஒரு சத்தமும் இல்ல. உன்னை போன்ல விளிச்சேன், எடுக்கல்ல. இது கெட்டுப்போச்சுன்னா என் சோலி என்னாவும்?"

"கெடல அக்கா. நான்தான் நிறுத்திட்டேன்."

தானாகத் தொடங்க வேண்டியவை இருக்கும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அந்த மென்பொருளைத் திரும்பச் சேர்த்து, கணினியை மறுபடி தொடங்கினேன். என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மழை மட்டும் கேட்டது. ஆழமான தண்ணீருக்குள் மெல்ல இறங்குவதுபோல் இருந்தது. காலத்துக்குக் கரையே இல்லை. பிறகு அந்த இயந்திரக் குரல் எழுந்தது.

"வந்தாச்சு, கேட்டியா!" லதாக்கா சிரித்தார்.

இப்போதெல்லாம் கணினி மெதுவாகத் திறந்தால் நான் அவசரப்படுவதில்லை. உள்ளே யாருக்காகவோ ஒரு குரல் எழுந்து வந்துகொண்டிருக்கலாம்.